இரண்டு குப்பிகளுக்கும் ஒரே எண்

முப்பத்தோரு ஆண்டுகளில் ஒருவருடைய சட்டை இன்னொருவருடைய உடம்புக்குப் போனதில்லை என்பதே அந்தச் சலவைக்கடைக்காரரின் பெருமை. பட்டமோ பதவியோ அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும், கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த காலரைப் போல அவர் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும்.

கடையின் முறை மிக எளியது. வீட்டுக்கு ஓர் எண். ஒரு வீட்டிலிருந்து எந்தத் துணி வந்தாலும், அழியாத மையில் அந்த எண்ணை எழுதிய சிறு நாடா ஒன்று அதன் உட்புறத்தில் ஒட்டப்படும். அதற்கென்று அவர் வைத்திருந்த பசை கொதிநீருக்கும் அசையாது. அந்த வீட்டில் எது தகப்பனின் சட்டை, எது மகனின் சட்டை என்பது கடையின் கவலை அன்று. மூட்டை சரியான வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு அவரவர் பாடு. அவருடைய சொந்த வீட்டின் எண் நூற்றுப் பதினேழு.

தொற்று பரவி ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்த காலம் அது. கடைக்குச் சட்டைகள் மட்டுமே வந்தன. கால்சட்டைகள் அறவே வரவில்லை. கணினித் திரைகளில் மனிதர்கள் இடுப்புவரைதான் தெரிந்தார்கள் போலும். வேலை பாதியாகக் குறைந்திருந்தது. கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரே ஒரு கழிப்பறையும் கொண்ட வீட்டில் அவரும் மனைவியும், நான்கு நாள் தங்கிப் போகலாம் என்று வந்து ஐந்து மாதமாகத் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்ட மனைவியின் தம்பியும் இருந்தார்கள்.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபது ஆண்டுகள் புதியவர்களின் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில், கொஞ்சம் பயம் வந்தாலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தும். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக்கு. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

தொற்றுக்கு முந்தைய ஆண்டு, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் குடல் பரிசோதனை செய்ய அரசு மருத்துவமனை ஒரு முகாம் நடத்தியது. மனைவி இருவரையும் அங்கே இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் எழுத வைத்தார். அவருடைய தகப்பனார் குடலில் வந்த புற்றுநோயால் இறந்தவர். தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது என்ற ஒரு வாக்கியத்தை அந்தக் குடும்பம் எத்தனையோ முறை கேட்டிருந்தது. இருவர் பெயரையும் எழுதிய கையோடு தம்முடைய பெயரையும் கொடுக்கத்தான் அந்த அம்மையார் எண்ணியிருந்தார்; அதற்குள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்ற ஐயம் வந்து கடைக்கு ஓடிவிட்டார்.

பிறகு தொற்று வந்தது. கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைகள் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டன. ஆண்கள் இருவரும் தேர்வு ரத்தான பிள்ளைகளைப் போல மகிழ்ந்தார்கள்.

"நான் தயாராத்தான் இருந்தேன். மருத்துவமனையே வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன பண்ண?" என்றார் சலவைக்கடைக்காரர்.

"அதானே மாமா. நாமளா போய் அவங்களுக்குத் தொந்தரவு தரக் கூடாது" என்றார் பிரேக்கு.

அந்த மகிழ்ச்சி இரண்டு மாதம் நீடித்தது. மூன்றாம் மாதம் தபாலில் இரண்டு உறைகள் வந்தன. கேமராவுக்கு இப்போது வழியில்லை என்பதால், வீட்டிலேயே மலத்தில் சிறிது எடுத்து அனுப்புங்கள், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம் என்று கடிதம் பணிவாகக் கேட்டுக்கொண்டது. ஒவ்வோர் உறையிலும் ஒரு குச்சி, பெயரும் வயதும் அச்சிட்ட சீட்டு ஒட்டிய ஒரு குப்பி, திருப்பி அனுப்ப வேண்டிய ஒரு பெயர்த் தாள், செய்முறையை விளக்கும் ஒரு படம்.

"இதுல என்ன பயம்? குச்சியால தொடணும், டியூப்ல விடணும், மூடணும். படமே போட்டிருக்கான்" என்றார் மனைவி.

"படத்துல இருக்கிற ஆள் சிரிச்சுக்கிட்டே இருக்கான்க்கா. எனக்கு அங்கயே சந்தேகம் வருது" என்றார் பிரேக்கு.

சலவைக்கடைக்காரர் மனைவிக்குப் பயந்து முதல் நாளே காரியத்தை முடித்தார். பிரேக்கு மூன்று நாள் உள்ளே போய், மூன்று நாளும் வெறும் குப்பியோடு திரும்பி வந்தார். நான்காம் நாள், அனுப்ப வேண்டிய கெடு முடியும் நேரத்தில், குளியலறை அலமாரியில் இரண்டு குப்பிகளும் நிரம்பி நின்றன. மைத்துனனுக்கு ஒருவழியாகத் துணிச்சல் வந்துவிட்டது என்று சலவைக்கடைக்காரர் மகிழ்ந்தார்.

பிறகுதான் அவருடைய தொழில்புத்தி வேலை செய்தது. குப்பிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு முனை உடனே கிளம்பிவிட்டது. "இது ஒரு அலசலுக்குக்கூடத் தாங்காது" என்று முனகினார். அதோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. குப்பிகளைத் தெருமுனை மருந்துக்கடையில் கொடுக்க வேண்டும். அந்த மருந்துக்கடைக்காரரோ கையில் வாங்கும் எதையும் வாய்விட்டுப் படிப்பவர். எனவே இரண்டு சீட்டுகளையும் உரித்துப் போட்டுவிட்டு, தம்முடைய நாடாவில் தம்முடைய அழியா மையால் எழுதி, தம்முடைய பசையால் நேர்த்தியாக ஒட்டினார். முப்பத்தோரு ஆண்டுப் பழக்கத்தில் கை தானாக எழுதியது. இரண்டிலும் நூற்றுப் பதினேழு. இரண்டையும் பெயர்த் தாள்களோடு ஒரே உறையில் போட்டு மூடினார். ஒரு வீடு, ஒரு மூட்டை.

பத்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவமனையிலிருந்து நர்ஸ் அழைத்தார். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு இஸ்திரி மேசைமேல் வைத்திருந்ததால் பேச்சு மூவருக்கும் கேட்டது.

"சார், ஒரு கவர், ரெண்டு பேர், ரெண்டு டியூப். ரெண்டுலயும் 117. இது என்ன சார், உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வயிறா?"

"அது வீட்டு நம்பர்ம்மா."

"நாங்க வீட்டையா டெஸ்ட் பண்றோம்?"

சலவைக்கடைக்காரரின் காலர் சற்றுத் தளர்ந்தது. நர்ஸ் தொடர்ந்தார். "பேர் இல்லாத டியூபைக் குப்பையிலதான் போடுவோம். மெஷின்ல இருந்த பொண்ணு ஏதோ கோட்னு நினைச்சு ஓட்டிட்டா. ஒண்ணு சுத்தம். இன்னொண்ணுல ரத்தம் இருக்கு. அது யாரோடது?"

இஸ்திரிப் பெட்டியின் ஆவி மட்டும் புஸ்ஸென்றது.

"ரத்தம்னா உடனே புற்றுநோய்னு அர்த்தம் இல்ல. ஆனா உள்ள பாக்காம விடவே கூடாது" என்றார் நர்ஸ்.

"வேணும்னா இன்னொரு தடவை அனுப்பறோமே. இந்தத் தடவை பேரோட" என்றார் சலவைக்கடைக்காரர் குழைந்து.

"ரத்தம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது சார். அடுத்தது சுத்தம்னு வந்தா நம்பிட முடியுமா? கேமராதான். ஆனா இப்ப நாங்க பாக்கிறதே கொஞ்ச பேரைத்தான். வியாழக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு இடம் இருக்கு. அதை விட்டா நாலு மாசம். யார் வர்றீங்கன்னு திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை.

"என் வயிறு ப்ளீச் பண்ண வெள்ளைத் துணி மாதிரி. மணி அடிச்ச மாதிரி காலையில ஆறு மணிக்கு. அது என்னதா இருக்கவே முடியாது" என்றார் சலவைக்கடைக்காரர்.

"என்னதும் இல்ல மாமா" என்றார் பிரேக்கு.

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றே?"

"சும்மா, ஒரு நம்பிக்கைதான்."

சலவைக்கடைக்காரரை உறுத்தியது அதுதான். கரப்பான்பூச்சியைக் கண்டாலே தரையை மிதிக்கும் அந்த வலது கால், இரத்தம் என்ற சொல்லைக் கேட்டபின்னும் அசையாமல் இருந்தது. இவ்வளவு நிம்மதியாக இருப்பவனுக்கு ஒன்றும் இல்லையென்றால், இருப்பது யாருக்கு? பிறர் கண்ணுக்குப் படாத மடிப்பில் தமக்குள்ளும் ஒரு கறை ஊறிக்கொண்டிருக்குமோ என்று அவருக்குக் கைவேலையின் நடுவே திடுக்கிட்டது. சனிக்கிழமை ஒரு வழக்கறிஞரின் வெள்ளைச் சட்டையில் பெட்டியை வைத்தபடியே நின்றுவிட்டார். காலர் பழுப்பாகக் கருகியது. அவருடைய கையில் துணி கருகுவது அதுவே முதன்முறை. மனைவி ஒன்றும் கேட்காமல் சட்டையை வாங்கிக் கறையை எடுக்கும் வழியைப் பார்த்தார். அந்த அம்மையார் அந்த மூன்று நாளும் யார் பக்கமும் பேசவில்லை.

பயம் மிகுந்தவருக்குத் தர்க்கம் தானாக வந்து உதவும். நர்ஸை இருமுறை அழைத்து, அது மைத்துனனுடையதுதான் என்று சத்தியம் செய்துபார்த்தார். உங்க மச்சானே வந்து சொல்லட்டும் என்று நர்ஸ் இருமுறையும் போனை வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலை அவர் மைத்துனனை மேசைக்கு எதிரே உட்கார வைத்தார்.

"யோசிச்சுப் பாரு மச்சான். இந்த வியாதி வந்தது உங்க அப்பாவுக்கு. ரத்த சொந்தம் உனக்குத்தான். எனக்கு அவர் வெறும் மாமனார். பொண்ணைக் குடுத்தாரே தவிர குடலையா குடுத்தாரு? அதனால வியாழக்கிழமை நீ போறே. இப்பவே போன் போடறேன், உன் வாயாலயே சொல்லிடு."

அவர் எண்ணை அழுத்தத் தொடங்கினார். அப்போதுதான் பிரேக்கின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"மாமா, போனை வைங்க. அது என்னது இல்ல."

"மூணு நாளா அதைத்தான் பாடிக்கிட்டு இருக்கே."

"இல்ல மாமா. ரெண்டு டியூப்லயுமே என்னது இல்ல."

சலவைக்கடைக்காரர் புரியாமல் விழித்தார். பிரேக்கு அக்காவைப் பார்த்தார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிறகு பேசினார்.

"இவன் மூணு நாளும் வெறும் டியூபோட வெளிய வந்தான். கெடு முடியப்போகுது. எனக்குன்னு யாரும் அனுப்பல. அப்பாவோட வயிறு எனக்கும்தானே? வீணாப் போறதுக்குப் பதிலா நான் எடுத்துக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த நிமிஷமே என் பேரைச் சொல்லிட்டு நீங்க நழுவியிருப்பீங்க. உங்களை ஒரு தடவையாவது உள்ள அனுப்பிடணும்னு பாத்தேன். இவன் வாயைத் திறக்காம இருந்திருந்தா, நீங்களே இன்னிக்கு ஒத்துக்கிட்டிருப்பீங்க."

"மாமா ஒத்துக்க மாட்டாருக்கா. என்னைத்தான் தள்ளிவிடப் பாத்தாரு" என்றார் பிரேக்கு பரிதாபமாக.

சலவைக்கடைக்காரருக்கு அவர்கள் பேசியது காதில் விழவில்லை. சற்றுமுன் தாம் அடுக்கிய தர்க்கம் அப்படியே திரும்பி வந்து முன்னால் நின்றது. இந்த வியாதி வந்தது உங்க அப்பாவுக்கு. ரத்த சொந்தம். அதில் ஒரு பிசிறும் இல்லை. எதிரே நிற்கும் ஆள்தான் மாறியிருந்தார்.

"அது உன்னதுதான். வியாழக்கிழமை நீ போறே" என்றார்.

"உங்களதா இருந்தா?"

"என் வயிறு ப்ளீச் பண்ண வெள்ளைத் துணி மாதிரின்னு மூணு நாளா சொல்றேனே, யாராவது காதுல வாங்கறீங்களா?"

அதே வாக்கியம்தான். ஆனால் இம்முறை பாதியில் குரல் கம்மியது. மனைவி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அவரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நர்ஸின் எண்ணை அழுத்தினார்.

நர்ஸ் முழுவதையும் கேட்டுவிட்டு, "சார், ரெண்டு தடவை போன் பண்ணி மச்சானோடதுன்னு சத்தியம் பண்ணீங்க. இப்ப புதுசா இன்னொருத்தரா? உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேர்னு முதல்ல சொல்லுங்க" என்றார்.

"இதோட முடிஞ்சதும்மா. ரத்தம் இருக்கிறது என் சம்சாரத்தோடதுதான். எனக்கு நல்லாத் தெரியும். அவ டியூப்ல நாடா ஒரு பக்கம் லேசா சாய்ஞ்சிருக்கும், பாருங்க."

அவர் வாழ்நாளில் தம் தொழிலைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. மறுமுனையில் நர்ஸ் எதையோ எடுத்துப் பார்க்கும் ஓசை கேட்டது.

"ரெண்டும் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு சார்."

அவர் மேசைமேல் கிடந்த நாடாச் சுருளைக் கையால் மூடி மறைத்தார்.

"உங்க வேலை சுத்தம்" என்றார் நர்ஸ். பிறகு அவர் குரல் சற்று இறங்கியது. "அவங்க அப்பாவுக்கு இருந்திருக்கு இல்ல? அப்ப அவங்களுக்குத்தான் முதல் இடம். இன்னிக்கே பேரை எழுதிக்கிறேன். ஆனா நீங்களும் பேதி மருந்து குடிச்சு, வெறும் வயித்தோட வாங்க. அன்னிக்கு வர்றவங்கள்ல யாருக்காவது வாசல்ல காய்ச்சல் காட்டினா அவங்களைத் திருப்பி அனுப்பிடுவோம். அந்த இடத்துல உங்களைச் சேர்த்துக்கலாம். எல்லாரும் நல்லா இருந்தா நீங்க வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்."

இரண்டு பேர் ஒரே காலையில் பேதி மருந்து குடிக்க, வீட்டில் கழிப்பறை ஒன்றுதான் என்றால் என்ன நேரும் என்பதை விரிவாக எழுதுவது நாகரிகம் ஆகாது. அன்று அந்த வீட்டைக் காப்பாற்றியவர் பிரேக்கு என்பதை மட்டும் சொல்லிவிடலாம். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் ஐந்து மாதம் வாடியிருந்த மனிதர், நடைவழியில் நாற்காலி போட்டு அமர்ந்து போக்குவரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அக்கா வர்றாங்க. மாமா, இடது பக்கம் ஒதுங்குங்க."

"டேய், அவசரம்டா."

"ஓவர்டேக் பண்ணக் கூடாது மாமா. உள்ள ஆள் இருந்தா சிவப்பு. நில்லுங்க."

"நிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?"

"மூச்சை இழுத்து விடுங்க. ம், இப்பப் போலாம். மெதுவா, மெதுவா."

உள்ளேயிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பது அப்போது அவருக்கு அவ்வளவு உசிதமான செயல் அன்று.

நண்பகலில், பிரேக்கு ஊரிலிருந்து ஓட்டிவந்திருந்த பயிற்சிக் காரிலேயே மூவரும் புறப்பட்டார்கள். அந்தக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. அங்கே அமர்ந்த சலவைக்கடைக்காரர், மருத்துவமனை நெருங்க நெருங்க, தம்மை அறியாமலே அதை மிதித்தார். வெறிச்சோடிய சாலையில் கார் மூன்று முறை தானாக நின்றது.

"இப்பத் தெரியுதா மாமா என் கஷ்டம்?" என்றார் பிரேக்கு.

வாசலில் நோயாளிகளுக்கு மட்டுமே அனுமதி. துணைக்கு வந்தவர்கள் யாராயிருந்தாலும் வெளியே நிற்க வேண்டும். ஒருவர் துப்பாக்கியைப் போன்ற ஒரு கருவியை மனைவியின் நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்த்து, உள்ளே போகச் சொன்னார். அம்மையார் மூக்குத்தியையும் கண்ணாடியையும் கழற்றிக் கணவரின் கையில் கொடுத்தார். இரு முகக்கவசங்களுக்கு மேலே கண்கள் மட்டும் சந்தித்துக்கொண்டன.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"பசியா இருக்கு" என்றார் மனைவி.

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. முற்றத்தில் ஆறடிக்கு ஒன்றாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் அவர் அமர்ந்தார். மூக்குத்தியைச் சட்டைப்பையில் போட்டார். சற்று நேரத்தில் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். அதற்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக உள்ளே போனார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. தமக்கு இடம் கிடைக்கக் கூடாதே என்று வேண்டுவதா, கிடைக்க வேண்டுமே என்று வேண்டுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஊரார் யாருக்கோ காய்ச்சல் வரட்டும் என்று வேண்டுவது முறையாகவும் படவில்லை. ஆகவே மனைவிக்காக மட்டும் வேண்டிக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு, தலைமுதல் கால்வரை நீல அங்கி போர்த்த ஓர் உருவம் வெளியே வந்தது. குரலைக் கொண்டே அது அந்த நர்ஸ் என்று தெரிந்தது.

"117 சார். கடைசியா வர வேண்டியவருக்குக் காய்ச்சலாம், வீட்டுலேருந்தே சொல்லிட்டாங்க. வாங்க."

"அவளுக்கு என்னாச்சு?"

"முதல்ல நீங்க வாங்க, சொல்றேன்."

"சொன்னாத்தான் எழுந்திருப்பேன்" என்று நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். மனைவிக்குப் பயந்தே வாழ்ந்த மனிதருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ.

நர்ஸ் அருகில் வந்து நின்றார். "ரெண்டு சின்னச் சதை வளர்ச்சி இருந்துச்சு. ஒண்ணுல ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்தது. ரெண்டையும் அப்படியே எடுத்தாச்சு. லேபுக்கு அனுப்பியிருக்கு. பாத்த டாக்டருக்குப் பெருசா பயம் ஒண்ணும் இல்ல. ஆனா வருஷக்கணக்கா விட்டிருந்தா அது என்னவா வேணாலும் ஆயிருக்கலாம். இப்ப எடுத்தாச்சு சார், அவ்வளவுதான்."

சலவைக்கடைக்காரர் மூடியிருந்த கையை விரித்தார். மூக்குத்தியை இறுகப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது. முகக்கவசத்தின் மேல்விளிம்பு நனைந்து இருண்டது; அதைத் துடைக்கவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. சிறிது நேரம் கழித்து அவருக்கு வேறொன்று உறைத்தது. அவர் மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்படின்னா ரத்தம் இருந்தது அவளோடது. சுத்தமா இருந்தது என்னது. நான் ப்ளீச் துணின்னு அப்பவே சொன்னேனே. நான் வீட்டுக்குப் போலாம் இல்லையா?"

"அவங்களோடதாத்தான் இருக்கும். ஆனா அப்படின்னு அந்த டியூப்ல எழுதியா இருக்கு?" என்றார் நர்ஸ். "உள்ள பாத்துடறது நல்லது. அதுக்கப்புறம் உங்க இஷ்டம், நான் கையைப் பிடிச்சு இழுக்க முடியாது."

வெளிவாயிலுக்கு அப்பால் பிரேக்கு காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பத்தே எட்டு. ஏறி உட்கார்ந்தால் கால் மணியில் வீடு. அடுப்படியில் ரொட்டியும் முட்டையும் இருந்தன. இரண்டு நாள் பட்டினிக்குப் பின் அந்த முட்டையின் நினைப்பு அவரை வெகுவாக அசைத்தது.

"நான் சும்மா உள்ள வந்து அவளைப் பாத்துட்டுப் போலாமா?"

"துணைக்கு வந்தவங்களுக்கு அனுமதி இல்ல சார். மயக்கம் தெளியற வரைக்கும் அவங்க உள்ளதான் இருப்பாங்க. ஒரு மணி நேரம் ஆகும்."

"நோயாளின்னா?"

"நோயாளின்னா பக்கத்துக் கட்டில். நடுவுல ஒரு திரை."

அவர் காரையும் கண்ணாடிக் கதவையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெற்றியை அந்தக் கருவிக்கு நேரே காட்டிவிட்டு, நர்ஸின் பின்னால் உள்ளே நடந்தார்.

பச்சைத் துணி போர்த்துக் கட்டிலில் கிடந்தபோது அவருக்குப் பல் கிட்டியது. திரைக்கு அப்பால் யாரோ புரண்டு படுக்கும் ஓசை கேட்டது. மருந்தின் மயக்கத்தில் குழறிய ஒரு குரல், "யாரு அங்க?" என்று கேட்டது.

"நான்தான்."

திரைக்கு அப்பாலிருந்து மூச்சின் ஓசை மட்டும் சீராக வந்தது. மறுபடியும் தூங்கிவிட்டார் போலும் என்று அவர் நினைத்தார்.

"மாட்டினீங்களா" என்றார் மனைவி, மிகுந்த திருப்தியோடு.